முன்வரிசையில் என் பாய்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கணக்கு இடிக்கிறதே என்று யாரும் யோசிக்க வேண்டாம். என் நாத்தனார் போய்ச் சேர்ந்தபோது அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுக்கு வந்தன, அவ்வளவுதான். நடவு நட்டும் களை எடுத்தும் ஆறையும் ஆளாக்கினேன். இன்றைக்கு ஆறும் ஆறு இடத்தில் குறையில்லாமல் இருக்கின்றன. கடைசிப் பையனோடு நான் இருக்கிறேன்.

படிப்பு எனக்குக் கம்மி. பஸ்ஸின் நெற்றியில் வில்லியனூர் என்று இருந்தால் படித்துவிடுவேன். கையெழுத்துப் போடுவேன். இவ்வளவு நீளத்துக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பேசுகிற மாதிரியே எழுதிவிடாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்று உண்டென்றால் அது கச்சேரிதான். எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் தேர் முடிந்த மறுநாள் சாயங்காலம் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. கைக்குழந்தையோடு போயிருக்கிறேன். காய்ச்சலோடு போயிருக்கிறேன். என் வீட்டுக்காரர் இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிடுவார். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டுவிட்டு, அப்புறம் எழுப்பிக் கூட்டி வருவேன். வழியெல்லாம், "இன்னாமா பாடினாங்க" என்று அவரே மெச்சிக்கொண்டு வருவார்.

கச்சேரி கேட்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. நாற்காலி ஃபாதருக்கும் கமிட்டிக்காரர்களுக்கும் மட்டும்தான், அதுவும் ஓரமாக. மற்ற எல்லோருக்கும் கோரைப்பாய். அன்றைக்கு மத்தியானமே பெண்கள் பாயை எடுத்துக்கொண்டு போய்க் கோயில் மைதானத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். அப்படி வைத்த பாயை யாரும் நகர்த்த மாட்டார்கள். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், நட்ட நடுவில் என் பாய். அதை ஒட்டி என் ஓரகத்தியின் பாய். அவள் என் வீட்டுக்காரருக்கு அண்ணன் மனைவி, என்னைவிட மூத்தவள். அந்த இடத்தை எங்களுக்கு யாரும் பட்டா போட்டுத் தரவில்லை. இருந்தாலும் அது எங்களுடையதுதான்.

கச்சேரி நடக்கும்போது எவனாவது எழுந்து நின்றால் முதுகில் ஒரு பிடி மண் விழும். "ஒக்காருடா, உன் முதுவப் பாக்கவா வந்தோம்" என்று ஒரு குரலும் வரும். அந்தக் குரல் பெரும்பாலும் என்னுடையதாக இருக்கும். பாட்டு நன்றாக இருந்தால் விசில் பறக்கும், துண்டு பறக்கும், இன்னொரு தபா பாடச் சொல்லிக் கத்துவோம். நன்றாக இல்லையென்றால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டோம். பாயைச் சுருட்டிவிடுவோம். அதிலும் முதல் வரிசையில் ஒரு பாய் சுருண்டால் போதும், பின்னால் மளமளவென்று எல்லாம் சுருண்டுவிடும். ஒரு வருஷம் தொண்டை கட்டிய பாட்டுக்காரர் ஒருவர் வந்து இருமிக்கொண்டே பாடினார். என் ஓரகத்தி சுருட்டினாள். அடுத்த பாட்டில் ஃபாதரும் நாற்காலிகளும்தான் மிச்சம். இன்னொரு வருஷம் நல்ல மழை. பாட்டு அவ்வளவு நன்றாக இருந்ததால் ஒருவரும் போகவில்லை. பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து அழுதுவிட்டார்கள்.

இப்போது பேத்திக்கு வருகிறேன். எழுதுகிறவளைப் பற்றியே எழுதச் சொன்னால் வெட்கப்படுகிறாள். பரவாயில்லை, எழுது.

பேத்தி திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். கோயில் பாடற்குழுவில் சின்னதிலிருந்து டிரம்ஸ் வாசித்தவள். அவளும் அவளோடு வேலை செய்கிற மூன்று பையன்களும் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் மாடு இல்லாமல் போய் வெகு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கேதான் வாசித்துப் பழகுவார்கள். முதல் நாள் என் கோழிகள் சாயங்காலம் வரைக்கும் வீட்டுப்பக்கம் வரவில்லை.

"இன்னாடி இது, தகரத்து மேல கல்லு மழ பேஞ்ச மாதிரி இருக்குது?" என்றேன்.

"அதான் ஆயா ராக் மியூசிக்கு."

"பாட்டு எங்கடி?"

"உள்ளதான் இருக்குது. நல்லாக் கேளு."

கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் காய்கறி நறுக்குகிற சாக்கில் கொட்டகை வாசலில் உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் அவர்களே கட்டிய பாட்டு. அதில் ஒன்று கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றியது. அவன் பஸ் பின்னாலேயே ஓடுகிறான். ஓட்டத்தைப் பேத்திதான் டிரம்ஸில் ஓட்டுகிறாள். மூச்சு வாங்குகிற இடம், தடுக்கி விழப்போகிற இடம் எல்லாம் அதில் தெரியும். ஒரு நாள் கேட்டுக்கொண்டே ஒரு முழுப் பூசணியை நறுக்கிவிட்டேன். மருமகள் வந்து, "அத்த, யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

அவளைப் பெற்ற என் மகனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. டிராக்டர் ஓட்டுகிறவனுக்குச் சத்தம் ஒரு பொருட்டா? அது இல்லை. பொண்ணு பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள், ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவனுக்குக் கவலை. இந்த வருஷம் திருவிழாக் கமிட்டியில் பேத்தியின் குழுவுக்குப் பெரிய கச்சேரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"நம்ம சனம் ஒக்காந்து கேட்டாங்கன்னா நீ எங்க வேணா போய் வாசி, நான் ஒண்ணும் சொல்லல. பாயச் சுருட்டிக்கினு போனாங்கன்னு வச்சுக்க, அதோட வுட்டுடணும். அப்புறம் கொட்டாயில ஒரு சத்தம் கேக்கக் கூடாது."

"சரிப்பா" என்றாள் இவள். சொன்ன வார்த்தையை மாற்றுகிற பெண் இல்லை.

திருவிழாவுக்கு முந்தின வாரம் அவர்களுக்குப் புதுச்சேரியில், கடற்கரைப் பக்கம் ஒரு மைதானத்தில் கச்சேரி இருந்தது. நானும் வருவேன் என்றேன். டிரம்ஸையெல்லாம் ஏற்றின குட்டியானை வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மடியில் பாய். நேரத்திலேயே போய் மேடைக்கு முன்னால் நட்ட நடுவில் விரித்தேன். செங்கல் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு மூலைக்குச் செருப்பு, ஒரு மூலைக்குத் தண்ணீர் பாட்டில், ஒரு மூலைக்கு நான்.

கூட்டம் வந்தது. ஒரு பிள்ளையும் உட்காரவில்லை. தலைமுடிக்கு நீலம் பூசின பெண் ஒருத்தி குனிந்து சொன்னாள்: "பாட்டி, இங்க யாரும் ஒக்கார மாட்டாங்க. எல்லாம் குதிப்பாங்க. மிதிச்சுடப் போறாங்க."

"எப்படி மிதிப்பாங்க? பாய் போட்டிருக்கேன்ல" என்றேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ, கூட வந்தவர்களிடம் ஏதோ சொன்னாள். என் பாயைச் சுற்றிக் கை கோத்து நின்றுகொண்டார்கள். அத்தனை கூட்டமும் குதித்தது, கத்தியது, தலையை ஆட்டியது. என் பாய் மேல் ஒரு கால் படவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மரியாதை தெரிந்த பிள்ளைகள். ஆனால் எனக்கு மேடை தெரியவில்லை. முட்டிதான் தெரிந்தது. பேத்தியின் அடி மட்டும் தரை வழியாக வந்து என் இடுப்பில் தட்டியது. கொட்டகையில் கேட்டதைவிட அது பல மடங்கு துணிச்சலாக இருந்தது.

திரும்பி வருகிறபோது, "எங்களப் பாத்தியா ஆயா?" என்று கேட்டாள்.

"முட்டியத்தான் பாத்தேன். ஏண்டி, கொட்டாயில இப்படி அடிக்க மாட்டியே?"

"அவுங்க குதிக்கறப்பத்தான் எனக்குக் கை ஓடுது. நம்மூர்ல எல்லாம் செபமாலைக்கு ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருப்பாங்க. அத நெனச்சாதான்..." என்று நிறுத்திவிட்டாள்.



திருவிழாவுக்கு வந்தது நல்ல கூட்டம். காட்டேரிக்குப்பத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். விளக்குப் போட்டதும் பேத்தியின் குழு மேடை ஏறியது. கம்பெனிப் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்து, மண் விழும் என்று தெரிந்து, மதில் ஓரமாக நின்றிருந்தார்கள். என் மகன் கோயில் கேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முதல் பாட்டு. சனம் பிரசங்கம் கேட்கிற மாதிரி கேட்டது. முடிந்ததும் மதில் ஓரத்திலிருந்து மட்டும் கைதட்டல். இரண்டாவது பாட்டில் ஒரு குழந்தை அழுதது. என் ஓரகத்தி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டி, நம்ம பாப்பாவுக்கு யாரு மேல கோவம்? இந்த அடி அடிக்குது."

"கோவம் இல்லக்கா. அது அப்படித்தான்."

"காது கொய்ங்குது. அடுத்ததும் இப்படித்தான்னா நான் சுருட்டப்போறேன்."

அவள் சுருட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மேடையைப் பார்த்தேன். பேத்தி எங்கள் வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அடிக்கிறது, அடியில் உயிர் இல்லை. பஸ் பாட்டு ஆரம்பித்தது. பாட்டில் வருகிறவன் ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தான்.

நான் செங்கல்லை எடுத்து ஒவ்வொன்றாக ஓரமாக வைத்தேன். முன்வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பாயைச் சுருட்டினேன். பேத்திக்கு ஓர் அடி தவறியது, எனக்கே கேட்டது. கேட்டில் நின்ற மகன் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பெற்ற தாயே எழுந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான்.

சுருட்டின பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன். நட்ட நடுவில், மேடையைப் பார்த்து.

உடனே முதுகில் மண் விழுந்தது. "யாரது, ஒக்காரு." "ஆயா, நீயே மறைக்கிறியே." எத்தனை முதுகுக்கு நான் போட்டிருக்கிறேன், எனக்கு விழுந்தால் என்ன? திரும்பவே இல்லை.

ஓரகத்தி என் புடவையை இழுத்தாள். "இன்னாடி, சுவிசேஷமா வாசிக்கிறாங்க, எழுந்து நிக்கிற?"

"இது நின்னு கேக்கற பாட்டுக்கா. நீயும் எழுந்திரு."

"முட்டி வலிக்குதுடி."

"என் தோளப் புடி."

முனகிக்கொண்டே எழுந்தாள். எழாமல் என்ன செய்வாள், நான் நின்றால் அவளுக்கு மேடை தெரியாது. நாங்கள் இருவரும் நின்றதும் எங்கள் பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவர்கள் எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். மதில் ஓரத்திலிருந்து ஒரு பையன் கத்திக் கேட்டான்: "ஆயா, நாங்க வரலாமா?"

"பாய மிதிக்காம வாங்கடா."

வந்தார்கள். பெண்கள் பாயைச் சுருட்டிச் சுருட்டி இடம் விட்டார்கள். வாழ்நாளில் அவ்வளவு பாய் ஒரே நேரத்தில் சுருண்டு, ஆட்கள் போகாமல் நின்றதை நான் பார்த்ததில்லை. வாண்டுகள் குதிக்க ஆரம்பித்தன. மேடையில் பேத்தி ஒரு தரம் எங்களைப் பார்த்தாள். அப்புறம் ஓடினான் பாருங்கள், பஸ்ஸைத் தவறவிட்ட அந்த ஆள். எனக்குக் குதிக்க முட்டி ஒத்துழைக்காது. கக்கத்துப் பாயைத் தட்டிக்கொண்டிருந்தேன். நல்ல கோரைப்பாய், சுருட்டினால் மத்தளம் மாதிரிதான் பேசும். ஓரகத்தி என் தோளைப் பிடித்த கையாலேயே தட்டினாள். மறுநாள் பார்த்தால் தோள் கன்றியிருந்தது.

எல்லோரும் நின்று கேட்டார்கள் என்று நான் கதை கட்ட மாட்டேன். பெரியவர்கள் சிலர் பாயோடு வீட்டுக்குப் போனார்கள். ஃபாதர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். மற்ற சனம் போகவில்லை. பஸ் பாட்டை இன்னொரு தபா கேட்டார்கள்.

முடிந்ததும் என் மகன் மேடைக்கு வந்தான். அவன் அந்தப் பெரிய டிரம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான்.

"கனமா இருக்குதே. இத நீயாடி தூக்கற?" என்றான்.

"பசங்க தூக்குவாங்கப்பா."

"அடுத்த தபா சொல்லு, டிராக்டர்ல எடுத்தாரேன்." இரண்டு எட்டு நடந்து திரும்பினான். "கொஞ்சம் மெதுவா அடிச்சா இன்னா? காது அடச்சுப் போச்சு."

அப்புறம் பெரிய கச்சேரி. பாய்களை மறுபடி விரிக்கும்போது யார் இடம் எது என்று ஒரே சண்டை. என் இடம் மட்டும் அப்படியே இருந்தது. செங்கல்லை நான் தூரமாக வைக்கவில்லை.

இப்போது கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் அதிகம். கோழிகள் பழகிவிட்டன. ஊரில் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், அடுத்த வருஷம் உட்கார்கிற கச்சேரியா, நிற்கிற கச்சேரியா என்று. இரண்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதுகிறவள் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறாள். போதும்டி தட்டினது. எங்கே, முதலிலிருந்து படி. நிறுத்திப் படி, கேட்கிறேன்.