மூத்தவளுக்குச் சொன்ன காரணம்

என் அண்ணி பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறாள். கண்ணாடிக் கூண்டுக்குள் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. உடம்பு கொஞ்சம் பெரிது. அதை முதலில் கேலி செய்வதும் அவளேதான். "நான் உக்காந்துட்டா கவுண்டருக்குக் கதவே வேணாம்" என்பாள். ஆனால் வேறு யாராவது சொல்லிவிட்டால் சுருண்டு போவாள்.

முதல் பிள்ளையைச் சுமந்தபோது, தெருமுனை மருத்துவமனையில் எடை பார்த்தவள் கூடம் முழுக்கக் கேட்கும்படி கிலோவைச் சொல்லி, "மெஷின் ஒடைஞ்சிடப் போகுதும்மா" என்று சிரித்தாள். அவள் நாக்கில் இடி விழ. அண்ணியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். அதன்பின் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரச் சொன்ன அன்று பேசாமல் வேலைக்குப் போய்விட்டாள். மறுபடி கூப்பிட்டபோதும் அப்படித்தான். எட்டாம் மாதம் பிள்ளையின் அசைவு நின்றது. பெண் குழந்தை. யாருக்கும் தெரியாமல் சர்க்கரை ஏறிக் கிடந்திருக்கிறது.

அந்தக் குழந்தை எங்கள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. பாத்திரம் கழுவும்போது அண்ணி, "இரு கண்ணு, வரேன்" என்பாள். சாப்பிடும்போது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுவாள். அண்ணன் பார்த்தும் பாராததுபோல் இருப்பான். அந்த நாற்காலியில் உட்கார எனக்குப் பயம்.

இரண்டாவது முறை பெரிய மருத்துவமனை. அங்கே எடை கூடிய கர்ப்பிணிகளிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. தயிரில் இருப்பதுபோன்ற நல்ல கிருமிகளை அடைத்த மாத்திரை, கர்ப்பகாலச் சர்க்கரையைத் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. அண்ணிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "எனக்கு நெஜ மாத்திரைதான். வயிறே சொல்லுது" என்றாள்.

தினமும் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியைப் பார்ப்பாள். "இது அப்ப இல்லடி செல்லம். இருந்திருந்தா அம்மா உனக்காகவும் முழுங்கியிருப்பேன்ல." அப்படிச் சொன்ன பிறகு, அழுதுகொண்டிருந்த யாரோ சமாதானமானதுபோல வீடு கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும்.

சர்க்கரை இந்த முறையும் வந்தது. ஆனால் பரிசோதனையில் சீக்கிரமே பிடிபட்டது. தினமும் இன்சுலின், சாப்பாட்டில் கெடுபிடி, ஸ்கேன் மேல் ஸ்கேன். அங்கே எடையைத் தனி அறையில் பார்த்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அண்ணி ஒரு தடவைகூடப் போகாமல் இருக்கவில்லை. பையன் வீறிட்டுக்கொண்டு பிறந்தான்.

"எல்லாம் மாத்திரைதான்" என்று வார்டு முழுக்கச் சொன்னாள்.

"அப்புறம் சக்கரை ஏன் வந்துச்சாம்?" என்றான் அண்ணன்.

"மாத்திரை இல்லன்னா இன்னும் ஏறியிருக்கும். சும்மா இருங்க."

பையன் தவழ ஆரம்பித்த சமயத்தில் ஆராய்ச்சி முடிந்து நர்ஸ் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "உங்களுக்கு வந்தது வெறும் மாவும்மா. நெஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் சக்கரை ஒண்ணும் கொறையல. உங்க புள்ளையக் காப்பாத்துனது நேரத்துக்கு எடுத்த டெஸ்டும் ஊசியும்தான். நீங்க ஒழுங்கா வந்தீங்க பாருங்க, அதான்." பாவம், பாராட்டத்தான் சொன்னாள்.

"சரிங்க சிஸ்டர்" என்று அண்ணி போனை வைத்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டெஸ்டும் ஊசியும் முதல் பிள்ளையின்போதும் இருந்தன.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த எடை பாத்தவ மட்டும் சிரிக்காம இருந்திருந்தா, நீங்க டெஸ்டுக்குப் போயிருப்பீங்க அண்ணி. தப்பு அவளோடது."

அண்ணி என் கையைப் பிடித்தாள்.

"மெதுவாப் பேசு, மூத்தவளுக்குக் கேக்கும்" என்றாள். "ஒருத்தி சிரிச்சா, அம்மாவுக்கு வெக்கமா போச்சு, அதனாலதான் நீ இல்லன்னு எப்படிச் சொல்லுவேன் அவகிட்ட?"