மச்சான் அடித்த கரும்பச்சை

நாலு மாதமும் பத்து நாளும் அந்தக் கார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கற்பிட்டிப் பக்கம், கடல்நீர்க் களப்பைப் பார்த்தபடி இருக்கும், ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் வீட்டு முற்றத்தில், நான்கு தடி நட்டுக் கிடுகு போட்ட கொட்டிலுக்குள் அது நின்றது. கூரை இருந்ததே தவிர மறைப்பு இல்லை. சோளகக் காற்று கடலிலிருந்து உப்பையும் கரையிலிருந்து மணலையும் அள்ளிவந்து, ஒரு நாள் தவறாமல் அதன்மேல் தூவிவிட்டுப் போனது. இடையிடையே தூறிய மழை அதைக் கழுவவில்லை, நனைத்து இறுக்கிவிட்டது. கணவரை இழந்த ராத்தா வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்த மறுநாள், ஒரு சனிக்கிழமை காலை, நான் போய் அதன் பொனட்டில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். சீனி சிந்திய மேசையில் கை வைத்தது போல நறநறத்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. பக்கத்து வீட்டு வான் வண்டியின் பற்றரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, முந்தல் பக்கம் நான் வேலை பார்க்கும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்தக் காருக்குப் பெயின்ட் அடித்தவர் ராத்தாவின் கணவர். எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மச்சான். புத்தளம் டவுனில் ஒரு கராஜில் பெயின்ட் பாஸாக, அந்த வேலைக்கு மேஸ்திரியாக இருந்தார். ஊரார் கார்களை எல்லாம் மினுக்கிக் கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒன்று வாங்க நாற்பது வயதாயிற்று. அதுவும் யாரோ கொண்டுபோய் மதகில் மோதி, வேண்டாம் என்று விட்ட பழைய ஜப்பான் கார். ராத்தா டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்துகொண்டிருந்தார். அவருக்காகத்தான் வாங்கினார். களப்புத் தண்ணீர் வற்றிய வெளியில் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான். கரும்பச்சை வேண்டும் என்று கேட்டது ராத்தா. அந்த நிறம் சின்னக் கீறலைக்கூடக் காட்டிக் கொடுக்கும், வெள்ளை அடிப்போம் என்று மச்சான் சொல்லிப் பார்த்தார். ராத்தாவிடம் யார் சொல்லி எது நடந்திருக்கிறது?

இரண்டு மாதம், வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு நாளும் அந்தக் காரைத் தேய்த்தார். நசுங்கல் எடுத்து, பட்டி வைத்து, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, திருப்தி இல்லாமல் மறுபடியும் தேய்த்தார். பெயின்ட் அடிப்பதை மட்டும் சித்திரை வருடத்துக்குக் கராஜ் மூடியிருந்த பத்து நாளுக்கு வைத்துக்கொண்டார். யாரும் நடமாடாத இடத்தில்தான் தூசி எழும்பாதாம். சுற்றிவரத் தறப்பாள் கட்டி, தூசி அடங்க நிலத்தை நனைத்து, விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியை எடுப்பார். காற்று எழும்பியதும் வைத்துவிடுவார். ஒரு காலையில் நான் பாணும் சம்பலும் கொண்டுபோனபோது மினுக்கத்துக்கு மேலே அடிக்கும் கடைசி லெக்கர் காய்ந்துகொண்டிருந்தது. “கிட்டப் போகாம நின்டு பாருங்க மச்சான். முகம் பாத்து தாடி வெட்டலாம்,” என்றார். உண்மையாகவே என் முகமும் பின்னால் தென்னை மரங்களும் கதவில் தெரிந்தன. பள்ளிக்கூடம் இரண்டாம் தவணைக்குத் திறந்த அன்று ராத்தா அந்தக் காரில் போய் இறங்கினார்.

அந்தக் காலத்தில்தான் நான் வேலை பார்க்கும் சேர்விஸ் நிலையத்துக்குத் தானாகக் கழுவும் மெஷின் வந்தது. சிலாபம் - புத்தளம் வீதியில் அப்படியொன்று எங்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று முதலாளி கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். காரை உள்ளே விட்டால் போதும். நுரை விழும், பெரிய பிரஷ்கள் சுழன்றுகொண்டு வரும், காற்று அடிக்கும், ஐந்து நிமிடத்தில் கார் மறுபக்கம் வந்துவிடும். கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி எடுத்து வந்த நான் அதற்குப் பொறுப்பாளன். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாதா என்று. “ஓம், ஒரு பயமும் இல்ல, விடுங்க,” என்பேன். மெஷினை நானே செய்து வைத்தவன் போல ஒரு நினைப்பு எனக்கு.

மச்சானும் ஒரு நாள் பார்க்க வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வாகனம் கழுவி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் நின்றதும் பிரஷின் இழைகளுக்குள் விரலை விட்டு எடுத்து, எனக்கு முன்னால் விரித்துக் காட்டினார். நுனியெல்லாம் மணல். “மெஷின்ல பிழை இல்ல மச்சான். முதல்ல ஆள் நின்டு தண்ணி அடிச்சி மண்ண எறக்கி விடணும். ஊத்தித்தான் தொடணும். மண்ணோட தொட்டா இதுவும் சேன்ட் பேப்பரும் ஒன்டுதான்,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கோவிக்காதீங்க, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி உங்கட மெஷினுக்குக் குறை சொல்ல வரல்ல,” என்று சிரித்தார். அதே விஷயத்தைக் கொழும்பிலும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். முன்னால் அடிப்பதற்கு அழுத்தக் குழாய் ஒன்றும் வைத்திருந்தோம். ஆட்கள் வரிசையில் நின்றால் அதைத் தவிர்த்துவிடுவோம்.

அதே வருடம் வைகாசியில் மச்சான் மௌத்தானார். காலையில் நெஞ்சு எரிகிறது என்று சோடா குடித்தாராம். பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் முடிந்துவிட்டது. ராத்தா இத்தா இருந்தார். வீட்டுக்குள் அறையும் குசினியும்தான். முன்வாசலில் வந்து நிற்பதுகூட இல்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் போவேன். ஒரு தடவை, கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, “தம்பி, அவர்ட காருக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்தி விடேன். மண்ணா இரிக்கும்,” என்று கேட்டார். அடுத்த கிழமை செய்கிறேன் என்றேன். அடுத்த கிழமையும் அப்படியே சொன்னேன். மூன்றாவது கிழமை அவர் கேட்கவில்லை. கிணறு முற்றத்திலேயே இருந்தது. நாலு வாளித் தண்ணீர் அள்ளி ஊற்ற எனக்கு நேரம் இல்லாமல் போயிற்று என்று இன்று சொன்னால் யார் நம்புவது?

அந்தச் சனிக்கிழமை அவசரமும் எனக்குத்தான். திங்கள் ராத்தா மறுபடி பள்ளிக்கூடம் போக வேண்டும். வீட்டைவிட்டு முதல்முதல் வெளிக்கிடும்போது, மச்சான் அடித்த பச்சை அன்று போலவே மினுங்கிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நல்ல எண்ணந்தான். சேர்விஸ் நிலையத்தில் ஐந்து வாகனம் வரிசையில் நின்றது. அழுத்தக் குழாய் பிடிக்கிறவன் இறால் ஏற்றும் லொறி ஒன்றின் அடியில் படுத்திருந்தான். பத்து நிமிடம் பொறுத்திருந்தால் குழாய் கிடைத்திருக்கும். பொறுப்பாளன் என்ற தைரியத்தில் வரிசையை வெட்டி, நாலு மாத உப்போடும் மணலோடும் காரை நேரே மெஷினுக்குள் விட்டேன். மெஷின் தொடக்கத்தில் தெளிக்கும் தண்ணீர் போதும் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அது கிடுகை நனைக்கக்கூடக் காணாத தண்ணீர். மறுபக்க வாசலில் போய் நின்று, பிரஷ் சுழல்வதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

ஈரத்தில் எல்லாக் காரும் அழகுதான். வெயிலில் கொண்டுவந்து நிறுத்திக் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. பொனட், கூரை, கதவு, எங்கே பார்த்தாலும் வட்டம் வட்டமாகக் கீறல், கம்பி நார் போட்டுப் பாத்திரம் தேய்த்தது மாதிரி. கரும்பச்சை ஆனபடியால் ஒன்றும் மறைக்கவில்லை. சூட்டறையில் வைத்து இறுக்காமல் காற்றில் காய்ந்த லெக்கர் மென்மையானது, பிரஷ் போடும்போது கவனம் வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்த விஷயம். காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நானே கட் பொலிஷ் போட்டேன். கீறலை எடுக்கப் போய் லெக்கரைத் தேய்த்தேன், லெக்கரைத் தேய்க்கப் போய் பொனட்டின் விளிம்பில் அடிப்பூச்சின் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அதற்குமேல் பயந்துபோய் மெழுகைக் கனமாகப் பூசினேன். அந்தியில் கொண்டுபோய்க் கொட்டிலுக்குள் விட்டபோது ராத்தா வாசலுக்கு வந்து பார்த்தார். “அவர் அடிச்ச மாதிரியே இரிக்கி,” என்று சொல்லி அழுதார். அந்த நேரம் வாயைத் திறந்திருக்கலாம்.

மெழுகு ஒரு மாதந்தான் நின்றது. பிறகு கார் வெளுத்து, மங்கி, விளிம்புகளில் உரிந்துகொண்டு வந்தது. பள்ளிக்கூடத்து ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். வேறொரு பாஸ் பார்த்துவிட்டு, லெக்கர் காணாது, மெல்லிசாக அடித்திருக்கிறார் என்றாராம். ராத்தா என்னைக் கூப்பிட்டு, “ஏன் தம்பி இப்படி ஆகுது? அவர் நல்லாத்தானே அடிச்சார்?” என்று கேட்டார். வாகனம் பற்றித் தெரிந்த ஆள் என்று என்னைத்தான் நம்பிக் கேட்டார். நான் காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தேன், குனிந்து பார்க்கிற மாதிரிப் பார்த்தேன். “பத்து நாளில அவசரமா அடிச்சதுதானே ராத்தா,” என்றேன். மச்சானுடைய இரண்டு மாதத்தை நான் ஒரு வசனத்தில் அழித்துவிட்டேன். செய்த பிழையைவிட இந்தச் சொல்தான் இன்றும் என்னைக் குடைகிறது.

ராத்தா அதைப் பிடித்துக்கொண்டார். மச்சான் மேல் அவருக்கு ஏற்கனவே ஒரு கோபம் இருந்தது, நெஞ்செரிவுக்குச் சோடா குடித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தாரே என்று. அந்தக் கோபத்துக்கு இப்போது ஒரு சாட்சி கிடைத்தது. எதிலும் அவசரம், எதிலும் அரைகுறை என்று சொல்லத் தொடங்கினார். காரைச் சுரண்டி வெள்ளை அடிப்பித்தார், மூன்று வருடம் கழித்து விற்றும்விட்டார். ஆனால் பேச்சு மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. வாங்கிய செருப்பு வார் அறுந்தால், “இதுவும் வாப்பாட பெயின்ட் மாதிரித்தான்,” என்று அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகளிடம் சொல்வார். மகள் அதைக் கேட்டு வளர்ந்தாள். குடை பிய்ந்தாலும், பேனா எழுதாவிட்டாலும் வாப்பாவின் பெயின்ட். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், பன்னிரண்டு வருடமாக.

வேலையிலும் நான் மாறாமல் இல்லை. இப்போது யாராவது பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டால், “மண்ண எறக்காம உள்ளுக்கு விட்டா ஆகும்,” என்று சொல்லி, குழாயை நானே எடுத்து அடித்துவிட்டுத்தான் விடுகிறேன். புதிதாகப் பெயின்ட் அடித்த கார் என்றால் கையால் கழுவச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன். வரிசை நீள்கிறது என்று முதலாளி முணுமுணுக்கிறார். ஊரில் உள்ள அத்தனை காருக்கும் உண்மை சொல்லிவிட்டேன், சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் சொல்லவில்லை.

இந்த வருடம் ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை மன்னாரிலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பத்துப் பிள்ளை, நல்ல பையன், மச்சானை ஒரு நாளும் கண்டதில்லை. பெருநாளுக்குப் பிறகு ஒரு பகல் சாப்பாட்டில் அவனுடைய போன் சார்ஜர் வேலை செய்யவில்லை. அதைக் கையில் தட்டிப் பார்த்துவிட்டு, தான் காணாத மாமனாரைச் சொல்லி, “மாமாட பெயின்ட் மாதிரி போச்சு,” என்றான். பாவம், வீட்டுப் பேச்சைப் பழகிக்கொண்டேன் என்று காட்டத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். பெயின்ட் அடித்த மனிதரின் முகம் தெரியாத ஒருவனுக்கும் அவர் அரைகுறை வேலைக்காரர் ஆகிவிட்டார். இனி அவனுடைய பிள்ளைகளும் அப்படித்தான் சொல்லும்.

கை கழுவிவிட்டுக் குசினிக்குள் போனேன். ராத்தா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு மாத மணல், தள்ளிப்போட்ட தண்ணீர், வெட்டிய வரிசை, கட் பொலிஷ், கடைசியாகச் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். மாப்புத் தாங்க ராத்தா, என்னை மன்னிச்சிருங்க என்றேன். அவர் ஏசவில்லை. ஊற்றிக்கொண்டிருந்த கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது, அதையும் பார்க்கவில்லை.

“நீ கேட்டாய், நான் தந்துட்டன்,” என்றார். “பன்னிரண்டு வருசமா அந்த மனுசன நான் ஏசியிருக்கன். பிள்ளைக்கும் ஏசப் பழக்கியிருக்கன். நான் ஆருட்டப் போய் மாப்புக் கேக்குற, சொல்லு?”

ராத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளையும் மருமகனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இருவரும் சிரித்த முகம் மாறாமல் வந்து நின்றார்கள். “மாமா ஒன்டு சொல்லப் போறார். இருந்து கேளுங்க,” என்று என்னைக் காட்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டார். மகளுக்கு முன்னால் போய் இருந்தேன். பிறகு, “உங்கட வாப்பா நல்லாத்தான் அடிச்சிருந்தார்,” என்று தொடங்கினேன்.