ஏர் ஃப்ரையரும் ஸ்டான்லியின் பத்தியமும்

நெம்மேலி ஸ்டான்லிக்கு அலுப்புக்குக் குறைவே இல்லை. மாமல்லபுரத்து ரிசார்ட்டுகளின் அழுக்குத் துணியை வேனில் ஏற்றி இறக்கியே முதுகு தேய்ந்துவிட்டது. அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளைச் சோற்றில் சரியாகிவிடும். பூசை முடிந்து வந்தால், மனைவி மார்கரெட் பன்றி விலா எலும்பை மிளகு தட்டிப் போட்டு வறுத்து வைத்திருப்பாள். உருகிய கொழுப்பு சோற்றில் இறங்க, மனுஷன் தட்டை வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அந்த வாயில்தான் மண் விழுந்தது. இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு எகிறியிருந்தது. செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் மகள் அன்பரசி, ஏர் ஃப்ரையர் ஒன்றை வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்தாள்.

“கறிய இதுல வச்சா கொழுப்பெல்லாம் கீழ வடிஞ்சிடும்ப்பா. எண்ணெயும் தொடக்கூடாது. மூணு மாசம் பாப்பேன். அப்பவும் கொறையலன்னா பன்னிக்கறியே கெடையாது, சொல்ட்டேன்.”

ஸ்டான்லி அடங்கினார். அந்தப் பெட்டி இரைந்து இரைந்து கடைசியில் கொடுத்த எலும்பு விறகுச் சிராய் போல இருந்தது. மென்று மென்று தாடைதான் வலித்தது. ஒரே ஆறுதல், மார்கரெட் தினமும் செய்த கீரைப் பொரியல். அதற்கு என்ன வந்ததோ, முன்னெப்போதும் இல்லாத ருசி. ஒருநாள் அன்பரசியே சாப்பிட்டுவிட்டு, “பாத்தியாப்பா, எண்ணெயில்லாமலே எப்படி கீது” என்று மெச்சினாள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு இன்னும் ஏறியிருந்தது.

“வெளிய எங்கயோ துன்ற நீ,” என்றாள் அன்பரசி ஃபோனில்.

“பைபிள் மேல சத்தியமா இல்லம்மா.”

“பின்ன காத்துலயா ஏறும்? யோசிச்சி உண்மைய சொல்லு. சாயங்காலம் பேசறேன்.”

நாக்கைக் கட்டிப் போட்டுக் கிடந்தவருக்குத் திருட்டுப் பட்டம். சாயங்காலம் வரைக்கும் எரிச்சல் அடங்காமல், தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனார். மார்கரெட் கீரைக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பழைய ஊறுகாய் பாட்டிலிலிருந்து வெள்ளையாக உறைந்த எதையோ கரண்டியால் வழித்து வாணலியில் போட்டாள்.

“இன்னாடி அது?”

“மிஷின்ல வடியற கொழுப்புதான். எண்ணெய் தொடக்கூடாதுன்னு பொண்ணு சொல்லிச்சில்ல? எண்ணெயே வுடாம இதுலதான் தாளிச்சினு கீறேன்.”

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. கத்தலாம் என்று வாயைத் திறந்தார்; ஃபோன் அடித்தது. மார்கரெட்டைப் பார்த்தார். அவர் தேற வேண்டுமென்று நாள் தவறாமல் கீரை ஆய்ந்த பாவி. இவளை மகள் வாயில் எப்படிப் போடுவது?

“ஆமாம்மா,” என்றார் ஃபோனில். “பூஞ்சேரிகிட்ட ஒரு கடையில துன்னேன்.”

“நெனச்சேன். இனிமே வூட்டுல பன்னிக்கறி கெடையாது.” ஃபோனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சோறும் போயிற்று. நொந்துபோய்த் திரும்பினால் மார்கரெட் கரண்டியோடு நிற்கிறாள்.

“எனக்குத் தெரியாம கடையில துன்னியா? உனக்கு கீரை ஆஞ்சி ஆஞ்சி என் வெரலு போச்சேய்யா.” கண்ணில் தண்ணீர் வேறு.

மகள் திட்டியதைத் தாங்கிக்கொண்டவருக்கு இதைத் தாங்க முடியவில்லை. பாட்டிலை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“கறியில வடிஞ்சது எங்க போச்சி? கீரையில. கீரை எங்கடி போச்சி?”

மார்கரெட் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் கீரை அடிப்பிடித்தது. அணைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

“ஃபோனக் குடு.”

“வுடு, போவுது. நான்தான் சொல்ட்டேன்ல.”

அவளே பிடுங்கி அழைத்தாள். அன்பரசி எடுத்ததும் சொன்னாள்: “உங்கப்பன் எந்தக் கடையிலயும் துன்னல. நாந்தான் வூட்லயே ஊட்டிவுட்டேன்.”