ஏலத்தில் போன பூசணிக்காய்

லீட்ஸ் நகரத்தில் எங்கள் தெருமுனை மளிகைக்காரர் உருளைக்கிழங்கு நிறுக்கும்போதெல்லாம் என் கை சும்மா இருப்பதில்லை. தராசுத் தட்டில் இருக்கும் இரும்புக் கல்லை எடுத்துக் கவிழ்த்து அதன் அடியைப் பார்க்கத் தோன்றும். வந்த புதிதில் ஒரு நாள் அப்படியே செய்தும்விட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. கல்லில் ஏதோ அழுக்கு என்று நான் நினைப்பதாக எண்ணி, வாங்கித் தன் ஏப்ரனில் அழுத்தித் துடைத்து, "இட்ஸ் க்ளீன், லவ்" என்று, இங்கே எல்லாரையும் அழைக்கிற செல்லப் பெயரோடு, திருப்பித் தந்தார். அடியில் ஈயம் முழுசாக இருந்தது. அதன்மேல் கிரீட முத்திரை தெளிவாகத் தெரிந்தது. இந்தியாக்காரிக்கு எவ்வளவு சுத்தம் பார் என்று பின்னால் நின்ற பெண்கள் பேசியிருப்பார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம்மைக் கிலோவுக்கு மாற்றப் படாத பாடு பட்டுவிட்டு இங்கே வந்தால், நமக்குப் பவுண்டு கற்றுக்கொடுத்தவர்கள் இன்னும் பவுண்டையும் அவுன்ஸையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

அந்தக் கிலோ வந்த காலத்தில் என் கணவர் தேவசகாயம் திருச்சியில் முத்திரை இன்ஸ்பெக்டர். கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் உருக்கி ஊற்றி, சரியான எடைக்குக் கொண்டுவந்து, அந்த ஈயத்தின்மேல்தான் முத்திரை விழும். திருட்டுப் புத்தி உள்ளவர்கள் பிறகு ஈயத்தைச் சுரண்டிவிட்டு அரக்கை அடைத்துக் கறுப்பு பூசிவிடுவார்கள். கல் இளைத்துப்போகும், வாங்குகிறவர் வயிறும் கூடவே இளைக்கும். இதையெல்லாம் பார்க்காமல் இருப்பதற்கு மாமூல் என்று ஒன்று உண்டு. அவருடைய ஆபீசில் அது சம்பளத்தைவிட ஒழுங்காக வந்தது. இவர் மட்டும் வாங்கமாட்டார். ஜனவரி முதல் தேதி அதிகாரிகளைப் பார்க்கப் போகிறவர்கள் மரியாதைக்காக நீட்டுகிற எலுமிச்சம்பழத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆபீசில் இவருக்கே எலுமிச்சம்பழம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அந்தப் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே ஒன்றுதான் சொல்வார்: "சாயங்காலம் ஜெபத்துக்குக் கண்ணை மூடினா எந்தக் கடைக்காரன் மூஞ்சியும் எதுக்க வரக்கூடாது."

வாசல் வழியாக வர முடியாதது எங்கள் கோயில் வழியாக வந்தது. நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவரவர் வீட்டில் விளைந்ததைப் பீடத்தின் முன்னால் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் படைத்தவர் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாக ஏலம் விடுவார்கள். கர்த்தருக்காக என்பதால் ஒரு முட்டைக்கோசுக்குக்கூட ஊரில் இல்லாத விலை வரும். அந்த வருஷம் எங்கள் கொல்லையில் சாம்பல் குப்பையில் தானாக முளைத்த கொடியில் ஒரு பூசணிக்காய் காய்த்திருந்தது. என் கணவர் அதைக் குழந்தையைப் போல் தோளில் சுமந்து வந்து வைத்தார். ஏலம் தொடங்கியதும் ஆபிரகாம் முதலாளி எழுந்தார். அவர்தான் எங்கள் சபையின் பொருளாளர். ஸ்ரீரங்கத்தில் பெரிய அரிசிக் கடை அவருக்கு. அவர் ஒரு விலை சொல்ல, அவருக்குத் தெரிந்த இன்னொரு வியாபாரி ஏற்ற, முதலாளி அதற்கும் மேலே ஏற்ற, கூட்டம் கை தட்டத் தொடங்கிவிட்டது. கடைசியில் அந்தக் காய் போன விலையில் கோயிலின் ஒழுகுகிற கூரையில் பாதியை மாற்றிவிடலாம். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன். பக்கத்தில் இவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோயிற்று.

வீட்டுக்கு வந்தோம். கதவைத் தாழிட்டபின், "அது காய் வித்த காசு இல்லை. என்னை வித்த காசு" என்றார். மறுநாள் காலையிலேயே என்னையும் அழைத்துக்கொண்டு போதகரிடம் போனார். அந்தப் பணத்தை முதலாளிக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காயைச் சந்தை விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். போதகர் நல்லவர்தான்; மழைக்காலத்தில் பீடத்தின்மேல் சொட்டுகிற தண்ணீருக்குக் குண்டான் வைத்து வைத்து அலுத்துப்போனவர். "ஆண்டவருக்குக் கொடுத்ததை நான் எப்படிங்க திருப்புறது? நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்று சிரித்து, எங்களுக்குக் காப்பி வரவழைத்தார். அடுத்த வாரம் ஓடு வந்து இறங்கியது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காணிக்கைப் பையை நீட்டிக்கொண்டு வரும் முதலாளி எங்கள் பெஞ்சுக்கு வந்ததும் கொஞ்சம் கூடுதலாக நிற்பார். அவர் நகரும்வரை நான் பாட்டுப் புத்தகத்தைவிட்டுத் தலை நிமிர்த்தமாட்டேன்.

பயந்தது நடந்தது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பெண்கள் சிலர், கடையில் வாங்கும் அரிசி வீட்டில் அளந்தால் குறைகிறது என்று இவரிடம் முறையிட்டார்கள். முதலாளியின் கடையில்தான் அத்தனை பேரும் வாங்கினார்கள். போகவேண்டாம், வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். வேறு ஆள் போனால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். இவரே போய்க் கற்களைக் கவிழ்த்தார். ஒன்றுவிடாமல் அரக்கு. பறிமுதல் செய்து சாக்கில் கட்டும்போது முதலாளி குரலை உயர்த்தவே இல்லையாம். நாற்காலி போடச் சொல்லி, மோர் வரவழைத்து, "உங்க பூசணிக்காயை எடுத்தது நான்தான் சார். ஞாபகம் இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னாராம். மோரைத் தொடாமல் இவர் காவிரிப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வந்தார்.

மிரட்டல் ஒன்றும் வரவில்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. பால்காரர் வந்தார், தபால்காரர் வந்தார், எல்லாம் வழக்கம்போல் நடந்தது. கோயிலில் மட்டும் எங்களுக்கு முன்னும் பின்னும் இருந்த பெஞ்சுகள் வாரத்துக்கு வாரம் காலியாகிக்கொண்டே வந்தன. பிறகு ஒரு நாள் இவரை விசாரணைக்கு அழைத்தார்கள். கோயில் பெயரைச் சொல்லிக் காயை வைத்து லஞ்சம் வாங்கினார், இன்னும் கேட்டார், கிடைக்காததால் நல்ல கற்களை எடுத்துப்போய் ஈயத்தைச் சுரண்டிவிட்டார் என்று புகார். பெயர் கூவி ஏலம் விட்டதைச் சபையே பார்த்திருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பச் சொல்லி இவர் மறுநாளே வந்தார் என்று போதகர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று கூரையில் பாதிதான் முடிந்திருந்தது. மீதியைத் தானே முடித்துத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். விசாரணை அறைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. "தேவசகாயம் சார் வந்தாருங்க. காப்பி சாப்பிட்டோம். என்ன பேசினோம்னு ஞாபகம் இல்லைங்க" என்று போதகர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. வேலை போயிற்று. லஞ்சம் வாங்காத ஒரே மனிதர் லஞ்சத்துக்காக வெளியேற்றப்பட்டார். ஆபீசில் அன்று நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள்.

நான் நர்ஸ் என்பதால் இந்த நாடு எங்களுக்குக் கதவைத் திறந்தது. இவர் இங்கே பிஸ்கெட் ஃபாக்டரியில் பெட்டி அடுக்குகிறார். நேர்மைக்காக யாரும் யாரையும் இங்கே புகழ்வதில்லை. வரிசையில் நிற்பதைப்போல் அதையும் செய்துவிட்டுப் போகிறார்கள். இங்குள்ளவர்கள் எல்லாம் புனிதர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வாடகைக்கு வீடு கேட்டு நாங்கள் ஏறி இறங்கிய வாசல்களைப் பற்றி எழுதினால் தாள் போதாது. ஆனால் கோயிலில் எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். போன மாதம் அங்கேயும் ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல். காய்களைப் பீடத்தில் வைத்துப் பாடிவிட்டு, பேரில்லாமல் பெட்டியில் போட்டு வயோதிகர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஊரில் எப்படி என்று விகார், அதாவது இங்குள்ள போதகர், என்னைக் கேட்டார். ஏலம் விடுவோம், படைத்தவர் பெயரைக் கூவுவோம் என்று உளறிவிட்டேன். அவருக்கு ஒரே குஷி. அவர் கோயிலிலும் கூரை ஒழுகுகிறது. வாசலில் 'ரூஃப் ஃபண்ட்' என்று பலகை வைத்து வருஷக்கணக்காக வசூல் நடக்கிறது. என் கணவரின் தோளில் தட்டி, "அடுத்த வருஷம் நீங்கள் ஒரு பம்ப்கின் வளர்த்துக் கொடுங்கள், உங்கள் பெயரிலேயே ஏலம் போடுவோம்" என்றார். இவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று விகார் என்னிடம் பரிவோடு சொன்னார்.

மறுபடி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். அன்று நல்ல மழை. கோயிலில் ஒழுகுகிற இடத்தில் தகர வாளி வைத்திருந்தார்கள். அதை ஒட்டிய பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. இவர் நேராக அங்கே போய் உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார். திருச்சியில் நாங்கள் உட்கார்ந்த பெஞ்சின்மேல் இப்போது ஒரு சொட்டுகூட விழாது. அந்த ஓடுகள் எங்கள் பூசணிக்காயில் வந்தவை. வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவருடைய கோட்டுத் தோள் நனைந்துகொண்டிருந்தது. நகர்ந்து உட்காருங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். "இருக்கட்டும், இங்கயே இருப்போம்" என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்குக் கண்ணை மூடினார்.