கல்லுக்கு வைத்த சந்தனம்

சரவணைக் கிராமத்தில் எங்கள் வீட்டு வளவின் பின்பக்கம், தகரம் போட்டு இறக்கின கொட்டில்தான் அண்ணையின் பட்டறை. வள்ளங்களின் என்ஜின் சாமான் பழுதுபார்ப்பார், கத்தி மண்வெட்டி தீட்டிக் கொடுப்பார். சண்டை ஓய்ந்து, கரண்டும் ஓரளவு ஒழுங்காக வந்த காலம் அது. மேசையில் பூட்டியிருந்த, தீட்டுக்கல் சுழலும் கிரைண்டர்தான் அவருடைய செல்லப்பிள்ளை. ஒரு செல்லப்பிள்ளைக்கு இவ்வளவு பயந்த மனிதரை நான் கண்டதில்லை.

கல் பூட்டுமுன் அதை விரலில் தொங்கவிட்டு, உளிப் பிடியால் தட்டிக் கேட்பார். கணீரென்றால்தான் பூட்டுவார். சாரம் உடுத்துக்கொண்டு கிட்டப் போகமாட்டார், காற்சட்டைதான். கண்ணாடி போடாமல் சுவிச்சைத் தொட்டதில்லை. தொட்டதும் ஒரு பக்கமாக விலகி, கல் நிதானமாகச் சுழலும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"என்ன அண்ணை, மாப்பிள்ளை வாறாரோ?" என்று பகிடி பண்ணுவேன்.

"கல்லு உடைஞ்சால் நேராத்தான் வரும். அதுக்கு முன்னாலை நிக்கிறவன் மடையன்."



அந்த வருட ஆயுத பூசைக்கு, அண்ணையின் மனைவி, எனக்கு மச்சாள், விடியவே பட்டறைச் சாமான்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். கிரைண்டரின் அச்சுக்குக் கிறீஸ் போடவென்று அண்ணை கல்லைக் கழற்றி வைத்திருந்தார். அதையும் எடுத்துப்போய், பேசினில் தண்ணீர் விட்டு, நிமிர்த்தி ஊறப்போட்டாள். ஒரு பாதி தண்ணீருக்குள், மற்றப் பாதி வெளியே. ஊத்தை கழன்றதும் துடைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, சாமிப் படத்தின் முன்னால் வைத்தாள். அவ்வளவு ஆசையாகச் செய்தாள்.

அடுத்த நாள் வேலை தொடங்க நல்ல நாள். கல்லின் வெளிப்புறம் காய்ந்திருந்தது. அண்ணை சந்தனத்தைத் துடைத்தார், தட்டிப் பார்த்தார், பூட்டினார். தட்டினால் வெடிப்புத் தெரியும், உள்ளே ஊறின தண்ணீர் எங்கே தெரியப்போகிறது? சுவிச்சைப் போட்டு வழக்கம்போல விலகி நின்றார். அந்த நேரம் பார்த்து மச்சாள் தட்டில் கடலையும் வாழைப்பழமும் கொண்டு உள்ளே வந்து, கல்லுக்கு நேரே நின்றாள். மேசை உதறத் தொடங்கியது. அண்ணை பாய்ந்து அவளைத் தள்ளிவிட்டார். அவள் நின்ற இடத்தில் இப்போது அவர் நின்றார்.

கல் வெடித்தது. கண்ணாடி போட்டிருந்தார்தான். அந்தக் கல்லுக்கு அது எந்த மூலைக்கு?

ஆமியின் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றி, பண்ணைப் பாலம் தாண்டி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

கட்டோடு படுத்திருந்தவர் என்னிடம் முதலில் கேட்டது கல்லைப் பற்றித்தான். துண்டுகளைப் பொறுக்கியது நான்.

"பாதித் துண்டுகள் ஈரமாய், பாரமாய்க் கிடந்தது அண்ணை."

"ஆர் கழுவினது?"

"மச்சாள். பேசினுக்கை ஊறப்போட்டவ."

"ஒரு பக்கம் பாரம் கூடினால் கல்லு ஆடும். அதுதான் உடைஞ்சிருக்கு" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "அவவுக்குச் சொல்லிப்போடாதை. சாமிக்கெண்டு செய்தவ."

மச்சாளோ வந்தவர் போனவருக்கெல்லாம், "பூசை செய்தபடியால்தான் ரெண்டு பேரும் உயிர் தப்பினது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு விசர் வரும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிடும். அண்ணையின் ஒட்டிப்போன இமையைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன். அவளைக் கோபிக்கவும் முடியவில்லை, அவரைப் பார்த்து அழாமல் இருக்கவும் முடியவில்லை.

மறு வருடம் பூசை வந்தது. மச்சாள் பேசினில் தண்ணீர் நிறைத்து, புதுக் கல்லைக் கையில் எடுத்தாள். அண்ணை விறுக்கென்று எழும்பி வந்தார்.

"அதைக் கழுவாதையும். பொட்டு மட்டும் வையும்."

"ஏன்? போன முறை நல்லா ஊறப்போட்டுக் கழுவினனான்தானே."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளுக்கு விளங்க அதுவே காணும். மச்சாள் தண்ணீரைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தாள். கல்லை மெதுவாக நிலத்தில் வைத்தாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் கண் திரும்பி வருமோ?" என்றார் அண்ணை.

அவள் பேசினைத் தூக்கிப்போய்த் தண்ணீரை வாழைக்கு ஊற்றினாள். பிறகு வெறும் பேசினை மடியில் வைத்துக்கொண்டு, பூசை நேரம் தாண்டியும் கிணற்றடியிலேயே இருந்தாள்.