அறை கேட்டால் வேலைக்காரி

எதிர்வீட்டு லேத் பட்டறைக்காரர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அதனால் தெருவுக்கே அவள் தங்கச்சி. வயதில் சின்னவளான நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். உண்மையில் ரத்த சம்பந்தம் ஒன்றும் இல்லை. அவர் பக்கவாதத்தில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவள் அவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் அவள்தான். பெற்ற மகன்கள் இரண்டு பேர் உண்டு. எப்போதாவது வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா எப்படி இருக்காரு அத்தை?" என்று வாசலோடு கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைதான் எல்லாம். சம்பளம் என்று ஒன்று கிடையாது. கைச்செலவுக்கு அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வாள். "அண்ணன் வீட்டுல யாராவது சம்பளம் கேப்பாங்களா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தையல் கடை நடத்துகிறவள். என்னிடம் பட்டன் தைக்கிற பெண்கூட சம்பள விஷயத்தில் கறார்.

பட்டறைக்காரருக்கு மனசாட்சி இருந்தது, கூடவே கஞ்சத்தனமும் இருந்தது. தன் காலத்துக்குப் பிறகு அந்தப் பின்னறை அவளுக்கு என்று உயில் எழுதினார். வக்கீலுக்கு எதற்குத் தண்டம் என்று, யாருடைய பழைய உயிலையோ பார்த்துத் தானே எழுதினார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். மாத்திரை கொண்டுவந்த மருந்துக்கடைக்காரர் ஒருவர். இன்னொருவருக்கு எங்கே போவது? "நீயே போடும்மா. ராத்திரி பகலா என்கூட இருக்கறவ நீ. உன்னைவிட நல்ல சாட்சி யாரு?" என்றாராம். அந்த வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வந்தாலும் கூரியர் வந்தாலும் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். இதையும் அப்படித்தான் போட்டாள்.

அவர் போய்ச் சேர்ந்தார். அறையைக் காலி செய்யச் சொல்லி மகன்கள் ஆள் அனுப்பினார்கள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். அந்தம்மா உயிலை ஒருமுறைதான் படித்தார்.

"சொத்து யாருக்கு எழுதியிருக்கோ அவங்க சாட்சி போடக் கூடாதும்மா. போட்டா, உயில் செல்லும். உங்களுக்கு எழுதினது மட்டும் செல்லாது. உங்க அண்ணன் கிறிஸ்தவர் இல்லையா, அவங்க உயிலுக்குச் சட்டம் அப்படி."

"நான் யாரையும் ஏமாத்தலையே."

"ஏமாத்தினீங்கன்னு யாரும் சொல்லல. ஏமாத்தறவங்களத் தடுக்கப் போட்ட சட்டம், உங்க மேல விழுந்துடுச்சு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சரி, இத்தனை வருஷ உழைப்புக்குக் கூலியாவது கேட்போம் என்று வக்கீலம்மா நோட்டீஸ் அனுப்பினார். பதில் வந்தது. அவர் வேலைக்காரி அல்ல, குடும்பத்தில் ஒருவராகப் பாசத்தோடு வாழ்ந்தவர், ஆகவே சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே பதிலில் கீழே, வேலைக்காகத் தங்கவைக்கப்பட்டவர், வேலை முடிந்ததால் வெளியேற வேண்டும். அறை கேட்டால் வேலைக்காரி, சம்பளம் கேட்டால் அத்தை. நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும்.

"இது நிக்காது. வழக்குப் போடலாம். நாளாகும், ஆனா போராடலாம்" என்றார் வக்கீலம்மா. இவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். "அண்ணன் பேரு கோர்ட்டுல அடிபட வேணாம்." வழியெல்லாம் நான் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டித் திட்டி எனக்குத்தான் அழுகை வந்தது.

காலி செய்கிற அன்று சாவி வாங்கப் பெரிய மகன் காரில் வந்தான். அவள் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றாள். அவன் குரல் தேனாக இருந்தது.

"அத்தை, என் மாமியாரும் இப்ப படுத்த படுக்கை. நீங்க நம்ம வீட்டுக்கே வந்துடுங்களேன்."

நான் குறுக்கே விழுந்தேன். "சம்பளம் எவ்வளவுன்னு எழுதிக் குடுங்க."

"நமக்குள்ள எதுக்குங்க எழுத்தெல்லாம்?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "போகாத. என் கடையில படுத்துக்கலாம்."

"எத்தனை நாளைக்கு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. என் கடையில் இரண்டு மெஷின் போட்டால் கால் நீட்ட இடமிருக்காது என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் அவனிடம் திரும்பினாள். "அங்க எனக்கு அறை இருக்கா, தம்பி?"

"தனி அறை எதுக்கு அத்தை? அவங்க கட்டிலுக்குப் பக்கத்துல கீழயே படுத்துக்கலாம். ராத்திரி கூப்பிட்டா உடனே எழுந்திருக்க வசதி."

பெட்டியை அவளே தூக்கிக் காரில் வைத்தாள்.