ஓடாத வண்டி குடித்த டீசல்

மணலி கான்கிரீட் கம்பெனியில் எனக்கு ஒரு வேலை வந்தது. குவாரியில் பாறையை உடைப்பதிலிருந்து கட்டுமான இடத்தில் ஜல்லியைக் கொட்டுவது வரை, ஒரு டன்னுக்கு எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று சொல்ல வேண்டும். வெடிமருந்து, கிரஷரின் மின்சாரம் எல்லாம் ஒழுங்காக வந்தன. லாரிக்குத் தூரத்தை வைத்து டீசல் கணக்குப் போட்டேன். ஒரே ஒரு லாரி மட்டும் கணக்குக்கு மீறிக் குடித்திருந்தது.

துறைமுக வேலைக்கு ஜல்லி ஏற்றும் லாரி அது ஒன்றுதான். 'டீசல் இழப்பு, விசாரிக்கவும்' என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பிவிட்டேன். என் அவசர புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் டிரைவரைக் கூப்பிட்டு, திருடவில்லை என்று நிரூபிக்காவிட்டால் வாரக் கடைசியில் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அந்த டிரைவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். கோபப்படவில்லை.

"ஒரு நடை என்கூட வண்டில வா மேடம். அப்பால எழுது."

போனேன். எர்ணாவூர் தாண்டியதும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்தடி நகர்ந்தது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிக்கிற வண்டிக்கு எஞ்சின் எதுக்கு? ஆஃப் பண்ணுங்களேன்" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

"லைன்ல ஆஃப் பண்ணா டிரைவர் தூங்கிட்டான்னு அர்த்தம் மேடம். பின்னாடி கீறவன் பூந்து போய்கினே இருப்பான். இங்க அதான் ரூலு. நீயே பாரு."

சாவியைத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டி முன்னால் நுழைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அவர் சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வரிசையைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த மூன்று மணி நேரம் என் கணக்கில் எங்குமே இல்லை.

காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துத் திரும்பப் போட்டபோது டீசல் சரியாக வந்தது. கார்பன் எண் ஏறிவிட்டதே என்று மேனேஜர் முணுமுணுத்தார். ஏறினால் ஏறட்டும், அதுதான் உண்மை என்று கத்திவிட்டு வந்தேன். டிரைவருக்கு வேலை போகவில்லை, சாவி அவரிடமே இருந்தது.

அதைச் சொன்னதும் டிரைவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

"திருட்டுக் கேஸுன்னு வூட்ல தெரிஞ்சு போச்சு. எம் பொண்ணு என்கூடப் பேசறதில்ல. நீ வந்து ஒரு வார்த்த சொல்றியா மேடம்?"

ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் அவர் வீட்டுக்குப் போனேன். ப்ளஸ் டூ படிக்கும் பெண் கதவைத் திறந்தாள். அவள் அப்பா எதையும் எடுக்கவில்லை, நான்தான் தப்பாகக் கணக்குப் போட்டேன் என்றேன்.

"எழுதறதுக்கு முன்னாடி அப்பாவ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

அவமானமாக இருந்தது. கேட்டிருக்கலாம் என்றேன்.